தடுப்பாட்டக்காரர் கேட்ட கேள்வி

மகளின் பள்ளி விளையாட்டு விழாவில் வலித் தைல நெடி அடித்தது. தொண்ணூறுகளில் சென்னிமலையில் எங்கள் வீடே அப்படித்தான் நாறியது.

கொல்கத்தா, கோவா, பஞ்சாப் என்று அணி அணியாகத் தாவிய ஒரு கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் எங்கள் ஊர்ப் போட்டிக்கு ஆட வந்தார். அத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தவருக்கு என் அண்ணனிடமிருந்து பந்தைப் பறிக்கத் தெரியவில்லை. முழங்காலைப் பார்த்து உதைத்தார்.

"ஆட்டம்னா அப்பிடித்தானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்பா தறியை நிறுத்தி நிறுத்தி எழுந்துவந்து தைலம் தேய்த்தார். கால் நேராகவே இல்லை.

இன்று அந்தப் பெரிய மனிதர்தான் சிறப்பு விருந்தினர். நேர்மையான ஆட்டம் பற்றி அரை மணி நேரம் முழங்கினார். இறங்கி வந்தவர், நொண்டியபடி எதிரே வந்த அண்ணனிடம் பரிவோடு கேட்டார்:

"ஏனுங்க, கால்ல என்னாச்சுங்க?"