கொருக்குப்பேட்டைப் பாலத்தில் மலையேறியவர்கள்

காலை 8.40. கடற்கரை நிலையத்தில் நாலு ரூபாய்ச் சீட்டு வாங்கி ரயிலேறினேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, அடுத்தது கொருக்குப்பேட்டை. 2003 மே மாத வெயில். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. இலங்கையின் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன் கப்பலில் வந்த சில குடும்பங்கள் இங்கே ஒரே தெருவில் இருக்கின்றன. அவர்களுடைய மலை வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். பையில் டேப் ரெக்கார்டர், ஆறு காலி கேசட். ஆசைக்குக் குறைச்சலில்லை.

9.15. நான் தேடி வந்த சிவகாமியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை மகள் கலாவுக்கு நிச்சயதார்த்தமாம். நல்ல நாள் பார்த்து வந்தேன், போங்கள்.

"வந்தது வந்துட்டீங்க, தேத்தண்ணி குடிங்க சார்" என்று பால் சேர்க்காத சாயத்தண்ணி ஒரு டம்ளர் கொடுத்து, என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். நான் அதை டம்ளரில் போட்டுக் கலக்கினேன். பக்கத்து வீட்டு ராக்கு விழுந்து விழுந்து சிரித்தார். சீனியை நக்கிக்கொண்டே தேநீரை உறிஞ்ச வேண்டுமாம். தோட்டத்தில் அப்படித்தான் பழக்கமாம். ராக்குவும் அதே தோட்டத்துக்காரர்.

ரெக்கார்டரை எடுத்ததும் சிவகாமி அதன் மேல் கையை வைத்தார்.

"மலைக் கதை இன்னைக்கு வாணாம் சார். நாங்க கூடை தூக்குன கூலிங்கன்னு மாப்புள்ள வூட்டுக்குத் தெரியாது. சிலோன்ல கடை வெச்சிருந்தோம்னு சொல்லி வெச்சிகீறேன். தெரிஞ்சா சம்மந்தம் இன்னா ஆவுமோ."

சொல்லிக்கொண்டே முன்மயிரை நெற்றிக்கு இழுத்து ஊசி குத்தினார். அங்கே முடி தேய்ந்து ஒரு தடம் ஓடியது. பன்னிரண்டு வயதிலிருந்து, முதுகில் தொங்கும் தேயிலைக் கூடையின் கயிறு அழுந்திய இடம். நானூற்றைம்பது கிலோமீட்டர் வந்தது இதற்குத்தானா என்று எனக்கு எரிச்சல். ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் என்ன சொல்ல முடியும்?

11.00. சொல்லி வைத்திருந்த தண்ணீர் லாரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரயில்வே கேட்டை மறித்து ஒரு சரக்கு ரயில். டிரைவர் டில்லி நடைபாலம் ஏறி வந்து சேதி சொன்னார்.

"கூட்ஸு எப்ப நவுரும்னு எவனுக்கும் தெரியாதுக்கா. ஒரு மணி வரிக்கும் நிப்பேன். அப்பால வேற எடத்துக்குப் போவணும்."

வாசலில் மூன்று டிரம்மும் காலி. வீட்டில் இரண்டு குடம்தான் மிச்சம். மாலையில் அறுபது பேருக்குச் சாப்பாடு. தண்ணீர் வராமல் அடுப்பு மூட்டமாட்டேன் என்று சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நடைபாலத்தில் ஏற நாற்பத்து நாலு படி, இறங்க நாற்பத்து நாலு. எண்ணிவிட்டேன். தெருப் பெண்கள் இடுப்பில் ஒரு குடமும் ஒரு கையில் கம்பியுமாக ஏறி இறங்கினார்கள். நானும் வீறாப்பாக ஒரு குடம் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் பேண்டுக்குத்தான் போனது. இப்படியே போனால் ஒரு மணிக்குள் கால் டிரம்கூட நிறையாது.

11.40. சிவகாமி உள்ளே போனார். கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தார். நெற்றி ஊசிகளைப் பிடுங்கினார்.

"ராக்கு, கயிறு எடுடி. மத்தவளுங்களையும் கூப்புடு."

ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தரும் ஐம்பதுக்குக் குறைவில்லை. மடித்த துணியை நெற்றிக்கு மேல் வைத்து, அதன்மேல் கயிறு. கயிற்றின் முனைகளில் முதுகோடு ஒரு குடம். தளும்பாமலிருக்கக் குடத்தின் வாயில் பிளாஸ்டிக் தாளைக் கட்டினார்கள். இரண்டு கையும் காலி அல்லவா, அதில் ஆளுக்கு இரண்டு வாளி.

"நிரை புடிங்கடி" என்றார் சிவகாமி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு வரிசை ஒதுக்குவார்களே, அதுதான் நிரை. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் சாய்ந்து, கம்பியைத் தொடாமல் குட்டிக் குட்டி அடியாக ஏறினார்கள். கூடவே ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"மழையில பாதை வழுக்கும் சார். அட்டை கால்ல தொங்கும்" என்றார் ராக்கு. "ரெண்டு மைலு ஏறிப் போயித்தான் கொழுந்து நிறுப்போம். இது இன்னா, படிக்கட்டு."

ஒவ்வொரு நடைக்கும் ஒரு கதை வந்தது. விடியலில் வேலைக்கு அழைக்கும் தப்பு மேளச் சத்தம், வேலை வாங்கும் கங்காணியை அட்டைக் காட்டில் நிற்க வைத்த கதை, பனியில் விரல் விறைத்தால் அக்குளில் செருகிக்கொள்வது. ரெக்கார்டர் வீட்டு அலமாரியில் தூங்கியது. அது என் நினைவுக்கே வரவில்லை.

12.50. மூன்று டிரம்மும் நிறைய ஒரே நடைதான் பாக்கி. கடைசி நடையில், பாலத்தின் உச்சியில், எதிரே மாப்பிள்ளையின் அம்மா நின்றார். பூக்கூடை கொடுக்கக் காசிமேட்டிலிருந்து முன்கூட்டியே வந்திருக்கிறார்.

"இன்னா சம்மந்தி இது, நெத்தியில கயிறு?"

சிவகாமி வாளிகளைக் கீழே வைத்தார். கயிற்றை எடுக்கவில்லை.

"சிலோன்ல கடையெல்லாம் இல்ல சம்மந்தி. மலையில கொழுந்து பறிச்சேன். கூடை தூக்குன நெத்தி இது."

அந்த அம்மாள் பூக்கூடையை என் கையில் திணித்துவிட்டு வாளிகளைத் தூக்கினார்.

"கடைக்காரி வூட்ல பொண்ணு எடுக்கறமே, நம்மள மதிப்பாளான்னு நான்தான் பயந்துகினு கெடந்தேன். இருவது வருசமா மீன்கூடை தூக்கறவ நானு. நட சம்மந்தி, ஒல கொதிக்க வாணாமா?"

கீழே டில்லி, கிளம்புகிறேன் என்று லாரியின் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். சரக்கு ரயில் அப்போதும் நகரவில்லை. இனி அது நின்றால் என்ன, போனால் என்ன.

மாலை 6.30. தட்டு மாற்றினார்கள். அறுபது பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சிவகாமி முடியை வழித்துச் சீவிப் பின்னால் இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

"நெத்தியில செவப்பா கோடு கீதும்மா. பவுடர் போட்டுக்கறியா?"

"வாணாம் நைனா. அது நல்லா தெரியற மாதிரி எடு."

ஆறு கேசட்டும் காலியாகவே மதுரைக்குத் திரும்பின. என் வீட்டு மாடிக்குப் பதினெட்டே படி. தபாலில் வந்த அந்தப் போட்டோவை மேல்படிக்கு நேரே மாட்டியிருக்கிறேன். இரண்டு சம்பந்திகளும் தோளோடு தோள் நிற்கிறார்கள். கோடு நன்றாகத் தெரிகிறது.