சுபைறா இருந்து பார்த்த சோபா

கல்முனைக்குடியில் அந்தத் தெருவில் யாராவது கட்டிலோ கதிரையோ வாங்கப் புறப்பட்டால், முதலில் சுபைறாவின் கேற்றைத் தட்டுவார்கள். கூடவே கடைக்குள் போனால் அவர் நிறம் பார்க்கமாட்டார். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். விரலை மடித்துப் பலகையைத் தட்டுவார்.

"மேல முதிரை மரம் மாதிரி மினுங்குது, உள்ளுக்கு அமுக்கின மரத்தூள். ஒரு மாரி மழைக்கு ஊதிப் போகும், வேணாம்."

கடைக்காரர் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் சொல்லுவார்.

ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் பல மோஸ்தர்களைப் பார்த்துவிட்டார். பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்த அச்சிமுகம்மது அவருடைய வீட்டில் குடியேறிய காலத்தில் றெக்ஸின் கதிரைகள்தான் பெருமை. பிறகு பீங்கான் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி, பிறகு பிரம்புக் கதிரை. எல்லாம் வந்து போயின. கணவர் முதிரையில் செய்வித்த செற்றிக் கதிரை மட்டும் ஹோலில் அசையாமல் கிடந்தது. அவர் மௌத்தாகி இரண்டு வருடம். ஒரே மகள் பஸ்லியா புருசனோடு டோஹாவில் இருந்தாள்.

அங்கிருந்துதான் ஹோலை மாற்றும் வேலை தொடங்கியது. நாளுக்கு நாலு படம் போனில் வரும்.

"உம்மா, இப்ப எல்லாரும் சாம்பல் நிறந்தான் அடிக்காங்க. ஹோல் பெரிசாத் தெரியும்."

"சாம்பல் அடுப்புக்குள்ள கிடக்கிற சாமான் மகள். அத ஆரும் செவருக்குப் பூசுவாங்களா?"

கடைசியில் மகள்தான் வென்றாள். சுவர் சாம்பலானது. பிளாஸ்டிக் இலைக்கொடி தொங்கியது. சுவரின் நிறத்திலேயே எல் வடிவச் சோபா ஒன்று லொறியில் வந்து இறங்க, செற்றி பின்வளவுக் கொட்டிலுக்குப் போனது. உம்மா தனியே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டு றிஸ்கானைக் கொண்டு ஹோல் மூலையில், டோஹாவிலிருந்து தன் போனில் பார்க்கக்கூடிய ஒரு கமராவும் பூட்டுவித்தாள்.

சுபைறா அந்தச் சோபாவில் இருக்கவேயில்லை. வந்த அன்று கையால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, வெகுநேரம் கழித்தே மெல்ல மேலெழுந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. குசினிக் கதிரையே போதும் என்றிருந்தார்.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் மகளின் அழைப்பு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டின் மேல் வைத்துக் கதைத்தார்.

"ஒருமாதிரிச் சோபாவில இருந்துட்டீங்க உம்மா! சொகமா இரிக்கா?"

"நான் குசினிக்குள்ள மீன் வெட்டுறன்."

"பகிடி விடாதீங்க. அந்தப் பச்சைச் சட்டையோட கமராவுல நேர தெரியிறீங்க." பஸ்லியா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "உம்மா, உங்கட கையில போன் இல்லியே?"

சுபைறா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பச்சைதான். கைகூடக் கழுவாமல் ஹோலுக்கு ஓடினார். ஒருவருமில்லை. வாசற்கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. சோபாவின் மூலையில் ஆள் இருந்த அளவுக்கு ஒரு குழி, மெல்ல மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது.

அவர் ஆயத்துல் குர்ஸி ஓதியபடியே பின்னுக்கு நகர்ந்தார்.

"பழைய படம் ஏதும் வந்திரிக்கும் மாமி" என்றான் றிஸ்கான், கமராவைக் கழற்றிப் பூட்டிவிட்டு.

"நான் ஒருநாளும் அதுல இருந்ததில்லையே தம்பி. பழைய படம் எங்கால வரும்?"

அவன் திரும்பவும் ஏறிக் கமராவைத் துடைத்தான்.

அந்தக் கிழமை இன்னும் இரண்டு தடவை பஸ்லியா கண்டாள். அன்றன்று உம்மா உடுத்திருந்த உடுப்போடு, மடியில் கைவைத்துச் சும்மா இருக்கும் உம்மா. மூன்றாம் முறை சுபைறாவுக்குப் பயத்தைவிடக் கோபம் வந்தது.

"நில்லு, நான் போய் இரிக்கன். என்ன தெரியிதெண்டு சொல்லு."

போனைக் காதில் பிடித்தபடி சோபாவில் இருந்தார். வெளியே கொளுத்தும் வெயில். சோபா ஈரச் சீலைபோல் குளிர்ந்தது.

"என்ன தெரியிது?"

"சோபா தெரியிது உம்மா."

"நான்?"

"ஒருத்தரும் இல்ல."

சுபைறா கையை உயர்த்தி ஆட்டினார். "கை காட்டுறன், தெரியல்லியா?"

"இல்ல உம்மா. எழும்புங்க. அல்லாஹ்வுக்காக எழும்புங்க!" மகள் அழத் தொடங்கினாள்.

யாரோ மடியில் இருப்பதுபோல் தொடைகள் கனத்தன. கைப்பிடியை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக் குசினிவரை நடந்தார். போன் அதற்குள் நின்றுபோயிருந்தது.

அன்று அசர் தொழுகைக்கு முன்னரே றிஸ்கான் ஆட்களோடு வந்து சோபாவை ஏற்றிப்போனான். கடைக்காரர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி எடுத்துக்கொண்டாராம். அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றான் றிஸ்கான். கமராவும் இறங்கியது. செற்றி பழைய இடத்துக்கு வந்தது.

அடுத்த மாதம் பஸ்லியா வந்தாள். கேற்றடியிலேயே நின்று உம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். மூன்றாம் நாள், காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது சுபைறா கேட்டார்:

"அண்டைக்கு நான் எழும்பிப் போன பிறகு என்னத்தக் கண்டாய்?"

"கேக்காதீங்க உம்மா."

"சொல்லு மகள்."

பஸ்லியா தலை நிமிரவில்லை. "அதுக்குப் பிறகுதான் நீங்க தெரிஞ்சீங்க. சோபாவில இருந்து கை காட்டிட்டே இருந்தீங்க."

சுபைறா மடித்த சீலையை விரித்துத் திரும்பவும் மடித்தார். பஸ்லியா டோஹாவுக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டாள்.