பதினான்கு ஞாயிறு பழக்கிய பைப்

அந்தப் பைப்பை நான் தெரியாமல் கழுவினேனா, தெரிந்தே கழுவினேனா? மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போது ஒரு பதில் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது வேறு பதில் வருகிறது.

தண்ணீர்க் குழாயைச் சொல்லவில்லை. புகையிலை அடைத்துப் பிடிக்கும் பைப். சுங்கான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது பைப்தான். என் கணவர் திருப்பூரில் குழந்தைகள் உடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய யூனிட் நடத்துகிறார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், ஷிப்மெண்ட் குறையில்லாமல் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில், அடுத்த முறை வந்தபோது ஒரு டப்பா புகையிலையோடு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்கு அதுவரை சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது.

அப்போது எங்கள் பெண்ணுக்கு ஆறு மாதம். நான் சாயப்பட்டறை லேப் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. காலை எட்டு மணிக்குக் கட்டடத்தில் எல்லாரும் பூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பிறகு சாயங்காலம் வரை நானும் குழந்தையும் வாஷிங் மெஷினும்தான். இவர் திரும்பி வந்ததும் ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன். டையிங்கில் கலர் மாறிவிட்டது, பிரிண்டிங்கில் துணி நிற்கிறது என்று யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பார். என்னிடம் பேசுவது பாப்பா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்ற இரண்டு கேள்விகள். அவரைக் குறை சொல்லவில்லை. உழைக்கிற மனிதர்.

பைப் வந்த பிறகு ஞாயிறு மாலை மட்டும் மாறியது.

புதுப் பைப்பை எடுத்த எடுப்பில் நிறைய அடைத்துப் பிடிக்கக் கூடாதாம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் சில தடவை புகையிலை அடைக்கும் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் பாதி, அப்புறம்தான் முழுதாக. வேகமாக இழுத்தால் மரம் கருகிவிடும். மெதுவாக இழுக்க இழுக்க உள்சுவரில் மெல்லிய கரி படியும். அந்தக் கரிதான் மரத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தொடமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், மற்றவர்கள் இரண்டு வாரத்தில் முடிப்பதை இவர் மாதக்கணக்கில் செய்தார்.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்வார். புகையிலையை அமுக்க ஓவர்லாக் தையல் மெஷினிலிருந்து கழற்றிய ஒரு போல்ட். வாயில் வைத்து இழுக்கும் காம்பைத் துடைக்க, ஸ்வெட்டரின் கழுத்தில் கோக்கும் காட்டன் நாடாவில் ஒரு துண்டு. போன் கீழே சார்ஜில் இருக்கும். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் அதைத் தேடமாட்டார்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடித்தது. கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்த்து, புகை வராத பக்கமாகக் குழந்தையோடு நான் உட்காருவேன். சத்தமாகப் பேசினால்தான் கேட்கும். இருந்தாலும் பேசினோம். பைப் அணைந்து அணைந்து போகும். அவர் தீக்குச்சி கிழிப்பார்.

"ஏனுங்க, கற்பூரம் ஏத்தறதுக்குக்கூட இத்தனை குச்சி ஆகாதுங்க" என்பேன்.

"சித்தெ சும்மா இரு புள்ள. இது பொறுமையாப் பண்ற வேலை. உம்பட அவசரத்துக்கு ஆகாது."

"புது தோசைக்கல்லைப் பழக்கற மாதிரிங்களா?"

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதான். பழக்குன கல்லைச் சோப்புப் போட்டு வெளக்குவியா நீ? இதும் அப்புடித்தான். தண்ணி பட்டா அத்தனையும் போச்சு."

நான் சொன்ன உவமை அவருக்கு நெம்பப் பிடித்துவிட்டது. யூனிட்டில் கட்டிங் மாஸ்டரிடம்கூடச் சொன்னாராம். அந்த வாரம் முழுக்க எனக்கு அதை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஐப்பசியில் காற்று நின்றுபோனது. மழைக்குப் பயந்து மாடிப்படியின் கூரைக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இப்போது புகை எங்கும் போகாமல் அங்கேயே சுற்றியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போயிருக்க வேண்டும். இரண்டு படி இறங்கி உட்கார்ந்தேன். போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே போனால் வெறும் வீடு.

குழந்தைக்கு இருமல் வந்தது. நான்கு நாள் விடவில்லை. மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஊட்ல யாராச்சும் சிகரெட் புடிப்பாங்களா?"

"சிகரெட் இல்லீங்க" என்றேன்.

வேதியியல் படித்தவள் நான். புகை என்றால் என்னவென்று தெரியும். மருத்துவர் மழைக்கால இருமல்தான் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குழந்தை என் தோளில் இருமிக்கொண்டே வந்தாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கு முன் வீட்டைத் துடைத்து, விளக்கு, தட்டு எல்லாம் தேய்த்து வைப்பது என் வழக்கம். டி.வி. அலமாரியைத் துடைத்தபோது பைப் கையில் வந்தது. உள்ளே கறுப்பாக இருந்தது. நேரே சிங்க்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெந்நீர், பாத்திரச் சோப்பு, பால் பாட்டில் கழுவும் சின்னப் பிரஷ். கரி கரைந்து கரைந்து வந்தது. வெளுத்த மரம் தெரியும்வரை தேய்த்தேன். பிறகு பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன், டம்ளரைக் கவிழ்ப்பது போல. அப்போது என்ன நினைத்தேன் என்று எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை. தோசைக்கல் ஞாபகம் வந்ததா? வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டுபோய் எடுத்துப் பார்த்தார். மரம் ஊறி உப்பியிருந்தது. காம்பு உள்ளே நுழையவில்லை.

"இதெ யாரு களுவுனது?"

"நாந்தானுங்க. கரியா இருந்துச்சு, பாத்திரத்தோட சேத்துத் தேச்சுப்போட்டேன்."

கொஞ்ச நேரம் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "எம்.எஸ்சி. படிச்ச புள்ளைன்னு கட்டி வெச்சாங்களே, நல்லாப் பாத்துக் கட்டி வெச்சாங்க."

நானும் சிரித்தேன்.

"போச்சாது உடு. தெரியாமத்தான பண்ணுன."

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் நாற்காலியை எடுத்து வைக்கவில்லை, மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். சார்ஜிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சோபாவில் படுத்தார்.

இருமல் ஒரு வாரத்தில் நின்றது. மருந்தாலா, மழை விட்டதாலா, புகை இல்லாததாலா, தெரியவில்லை. நான் கண்டுபிடிக்க முயலவும் இல்லை. ஞாயிறு மாலைகள் மற்ற நாள்களைப் போல ஆகிவிட்டன. ஒருமுறை நானே காப்பி போட்டு, "மாடிக்குப் போலாமுங்களா?" என்று கேட்டேன். வந்தார். கால் மணி நேரம் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலப் பாக்கெட்டைத் தடவினார். போன் அடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

போன வாரம் பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். நன்றாகக் காய்ந்துவிட்டது, காம்பு இப்போது நுழைகிறது.

"மறுபடி மொதல்ல இருந்து பழக்கிப் பாக்கலாமா? நீ என்ன சொல்ற?"

குழந்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இப்போது நிற்கப் பழகிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான். என் வாயில் வந்தது, "யோசிச்சுச் சொல்றனுங்க."

அவர் காத்திருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் இந்த நிலையைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு முன், கழுவியபோது எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் அதன் பிறகும் மாடிக்கு வருவாரா? புகை இல்லாமல் ஒரு மனிதரை அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரவைக்க, இரண்டு கைக்கும் வேலை தருகிற மாதிரி, உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? எவ்வளவு சின்ன யோசனையாக இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.