ஒப்படைத்த அட்டை

பூங்கா நுழைவு விதி, பிரிவு நான்கு: படையில் பணிபுரிவோரும் ஓய்வுபெற்றோரும், சிவில் பணியாளர்கள் உட்பட, பணி அட்டையைக் காட்டித் துணையுடன் கட்டணமின்றி உள்ளே செல்லலாம். அரபு நாட்டில், முவைலா பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. அதன் வாசலிலேயே இதை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நாட்டுப் படையின் வாகனப் பணிமனையில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தேன். ஓய்வுபெறும் நாளில் அட்டையை ஒப்படைத்தால்தான் கடைசிக் கையெழுத்து கிடைக்கும். ஆக, ஓய்வுபெற்றவர் எவரிடமும் அட்டை இருக்காது. எத்தனையோ பேரின் அட்டையை வாங்கி மூலையை வெட்டியவன் நான்தான். அப்போதெல்லாம் இது எனக்கு உறைக்கவில்லை. என் முறை வந்தபோது ஒப்படைப்புச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்ப இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதற்குள் அந்தப் பூங்காவின் வேப்பமர நிழலில் தினமும் நடக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. முதல் நாள் சீட்டை நீட்டினேன். வாசல் சூப்பர்வைசர் கீழக்கரைக்காரர். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"சார், கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு நீங்களே பேப்பர் காட்டுறீங்க. அப்ப கார்டு மாஃபி, இல்லை. ஹலாஸ், முடிஞ்சுது."

"ஓய்வுபெற்றோரும்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கு. நீங்க என்ன டாங்க்கா ஓட்டுனீங்க? ஃபைலுதானே சார் ஓட்டுனீங்க!"

வரிசையே சிரித்தது. மனைவி டிக்கெட் வாங்கப் பர்ஸைத் திறந்தாள். மூடச் சொன்னேன்.

அந்தப் பூங்கா நிர்வாகத்தில் எழுத்துப் புகார் ஒவ்வொன்றுக்கும் சம்பந்தப்பட்டவர் மூன்று வேலைநாளுக்குள் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தரவேண்டும். ஒவ்வொரு மறுப்பும் ஒரு தனிப் புகார். தினமும் காலையில் போனேன், சீட்டை நீட்டினேன், மறுத்தார், வீட்டுக்கு வந்து புகாரை அனுப்பினேன். இரண்டாவது வாரம் அவர் வெள்ளைத் தாளின் முன் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை வெளியே நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது.

மூன்றாவது வாரம் எழுந்து ஓடி வந்தார். "அண்ணே, சும்மா உள்ள போங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ரூமுக்குப் போயும் இதைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

சார் என்பது அண்ணே ஆகியிருந்தது. "எந்தப் பிரிவின்படி திரும்பிக்குவீங்க?" என்று கேட்டேன்.

"அதான் விடுறாரே, வாங்களேன்" என்றாள் மனைவி.

"சலுகை வேற, விதி வேற."

"நான் நடக்க வந்தேன். நீங்க இவரை அழ வைக்க வந்திருக்கீங்க."

மறுநாள் முதல் அவள் வரவில்லை. எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஜன்னல் வழியே பார்த்தபடி அடுத்த புகாரை எழுதினேன்.

கடைசியில் ஒரு நண்பகலில் பதில் வந்தது. ஒப்படைப்புச் சீட்டு இனி அட்டைக்கு ஈடாக ஏற்கப்படும். சம்பந்தப்பட்ட சூப்பர்வைசரே என்னைத் துணையுடன் வரவேற்று உள்ளே அழைத்துச் செல்வார். புகார்களில் நான் கேட்ட வார்த்தைகள் அப்படியே இருந்தன. உரக்க வாசித்தேன். மனைவி பெட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவகாசத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எங்கள் விமானம்.