கற்பூரவல்லி எண்ணெயும் காலி மாடியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெர்மனிக்குப் போன புதிதில், பக்கத்து வீட்டு இங்க்ரிட் அம்மையார் அன்பளிப்பாகக் கொடுத்த சாலட் எண்ணெயைத் தலையில் தேய்த்துக் குளித்தவன் நான். பழி முழுவதும் என்னுடையதல்ல. கண்ணாடிப் பாட்டில், உள்ளே ஒரு ரோஸ்மேரிக் கிளை, கழுத்தில் சணல் கயிறு. இலை மிதக்கும் எண்ணெய் உடம்பில் எந்தப் பகுதிக்கு உரியது என்பதில் தாம்பரத்தில் வளர்ந்த எவருக்கும் சந்தேகம் வராது. சனிக்கிழமை வரை பொறுத்திருந்தேன். அப்போது தேய்க்கும்படி தலையில் ஏதோ இருந்தது. உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்து, சீயக்காய்க்குப் பதில் ஷாம்பூ போட்டு அலசினேன். மறுநாள் மாடிப்படியில் இங்க்ரிட் எண்ணெய் எப்படி இருந்தது என்று கேட்டார். "நல்ல குளிர்ச்சி. உடனே தூங்கிவிட்டேன்" என்றேன், என் அரைகுறை ஜெர்மனில். அவர் முகத்தில் தெரிந்ததை அன்று மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மை தெரிந்ததும் வெட்கத்தை மறைக்க ஒரே வழிதான் இருந்தது: அந்தக் கலையில் அவரைவிடத் தீவிரமாக இறங்குவது. பால்கனியில் தைம், ரோஸ்மேரி என்று அவர்கள் ஊர் வாசனைச் செடிகளை எல்லாம் வளர்த்தேன். இலையில் பொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் விஷமாகிவிடக்கூடும் என்று இங்க்ரிட் என்னை மிரட்டி வைத்திருந்தார். அதனால் கழுவி, முழுக்கக் காயவைத்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் வைத்து, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுவேன். உருளைக்கிழங்கின் மேல் ஊற்றினேன், ரொட்டியில் தொட்டேன், யாரும் பார்க்காதபோது இட்லிக்கும் ஊற்றிக்கொண்டேன்.

இப்போது இரண்டு மாத விடுப்பில், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில், அக்கா வசந்தாவின் வீட்டில் இருக்கிறேன். மாடி போர்ஷன் எனக்காகவே பல வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. வந்த அன்றே அக்கா விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"இந்தத் தடவை தீர்மானமா சொல்லிடு. ரிட்டயர் ஆகி இங்க வரப்போறியா, இல்லையா? நாவலூர்ல வேலை பாக்கற ஒரு ஜோடி மாடியக் கேட்டுக்கிட்டே இருக்கு."

"யோசிச்சு சொல்றேங்க்கா."

"பத்து வருஷமா இதே பதில்தாண்டா சொல்ற."

வீடு இருக்கிறது, பிரச்சினை அதுவல்ல. இந்தத் தெருவில் நான் இன்னும் செல்லுபடியாவேனா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே கூடாது என்று குக்கர் விசில் வைக்கக் கூசுகிறேன். சேலையூரில் ஹார்ன் சத்தம் கேட்டால் யார்மீதோ கோபம் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறேன். ஆகவே எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். என் கையால் செய்த ஒன்றை இந்தத் தெரு தன் தட்டில் ஊற்றிச் சாப்பிட்டால், மாடிக்கு வந்துவிடுவது.

மொட்டை மாடித் தொட்டியில் கற்பூரவல்லி காடாக மண்டியிருந்தது. கிள்ளினால் இத்தாலிய உணவகத்தின் வாசனை. கூடவே கறிவேப்பிலை, கொஞ்சம் துளசி. நம் ஊர்ப் புழுக்கத்தில் இலையைக் காயவைப்பது ஈரத்துணியால் அடுப்பு மூட்டுவது மாதிரி. ஹாலில் ஃபேனுக்கு அடியில் பரப்பினேன்.

"மனுஷன் நடக்கறதா வேண்டாமா?" என்று இலைகளைத் தாண்டிப் போனாள் அக்கா.

கேம்ப் ரோடு செக்குக் கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். இளஞ்சூட்டில் இலைகளைப் போட்டேன். காரத்துக்கு என் சொந்தக் கற்பனையாக நாலு மிளகு. வடிகட்டிச் சின்னப் பாட்டில்களில் நிரப்பி, அழகுக்கு ஒரு காய்ந்த இலை, கழுத்தில் சணல் கயிறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகக் கொடுத்தேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் மூர்த்தி சாருக்கு ஒன்று. கோவளத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் கலா அக்காவுக்கு ஒன்று. "ஃப்ரிட்ஜில வெச்சுக்குங்க, சீக்கிரம் தீத்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய ரசனையை எண்ணிப் பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை காலை கண் விழித்தால் தெருவெங்கும் கற்பூரவல்லி மணக்கிறது. எல்லா வீட்டுத் தோசையிலும் என் எண்ணெய். மாடிக்கு என்ன கலர் பெயின்ட் அடிப்பது என்பதுவரை மனம் போய்விட்டது. காற்று வாங்க வாசலுக்கு வந்தேன். எதிர் கேட்டில் மூர்த்தி சார், இடுப்பில் துண்டோடு, வெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது.

"பிரமாதம் சார். ஊறிக்கிட்டிருக்கேன். முட்டிக்கும் போட்டேன். ஜெர்மன் ஃபார்முலாவா?"

"சார், அது வந்து... தோசைக்கு..."

"தோசையா? எண்ணெ தேச்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு மிளகு ரசம்தான் சார்."

உள்ளே ஓடி அக்காவிடம் முறையிட்டேன். அவள் தலையில் ஏற்கனவே துண்டு கட்டியிருந்தது. "நீ தலைக்குத்தான் காச்சறேன்னு நெனச்சேன். நல்லெண்ணெ, துளசி, போதாததுக்கு மிளகு வேற போட்ட. வேற எதுக்குடா அது?"

இங்க்ரிட் படியில் நின்ற மாதிரியே நானும் நின்றேன். அவர் முகத்தில் அன்று ஓடியது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும்.

பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்றுதான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த ஜோடிக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"நீ எங்க சொல்லப்போற? தெருவுல நாலு வீட்ல கேட்டுட்டாங்க, உங்க தம்பி அடுத்து எப்ப எண்ணெ காச்சுவாருன்னு. மாடி உனக்கில்லடா, எண்ணெய்க்கு."

அந்த எண்ணெய் இங்க்ரிட் ஊரில் சமையலறை அலமாரியில் நிற்கும். சேலையூரில் குளியலறை ஜன்னலில். என் பங்குக்கு ஒரு பாட்டிலைச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருக்கிறேன். அங்கே போய் எந்த அறையில் இறக்கி வைப்பேன் என்று பாட்டிலுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நேற்று கலா அக்கா மீன் கூடையை இறக்கிவிட்டு, என் தலையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெ சூப்பரா கீது சார். ரெண்டு வாரமா தேச்சுக்கினு கீறேன், முடி கொட்றது நின்னுபோச்சு. ஒரே டவுட்டு. இம்மாம் நல்ல எண்ணெய வெச்சுக்கினு, நீ இன்னா சார் பண்ணிக்கினு இருந்த இத்தினி வருஷம்?"