மியூரியல் கொத்திப்போட்ட புல்தரை

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்குக் கிழக்கே, சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீட்டு வரிசையில், பதினேழாம் எண் வீட்டு முன்வாசல் புல்தரையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். வளர்த்தவன் நாரிஸ் டிராண்டர். வாரம் ஐந்து நாள் நிலத்துக்கடியில் நிலக்கரி வெட்டினான். மேலே வந்ததும் புல் வெட்டினான். அவன் மனைவி மியூரியல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பதினாறு வருஷமாக அந்தப் புல்லைச் சுற்றி நடந்தாளே தவிர அதன்மேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நாரிஸ் தங்கமான மனுஷன். தெருக்கோடி வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த பஸ் டிரைவர் ராட்னி ஒரு ஏப்ரல் மாசம் வேலிக்கு வெளியே நின்று யோசனை கேட்டான். உள்ளே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மியூரியலின் காதில் பேச்சு முழுவதும் விழுந்தது.

"மொதத் தடவையே ஒட்ட வெட்டிறாத தம்பி. இருக்கிற உசரத்துல மூணுல ஒரு பங்குதான் எடுக்கணும். அதுக்கு மேல எடுத்தா மெரண்டு போயிரும். பிளேடு கூரா இருக்கணும், மழுங்கினது வெட்டாது, பிச்செடுக்கும். தெனமும் தெளிச்சுக்கிட்டு நிக்காத. வாரத்துக்கு ஒருக்கா ஆழமா ஊத்து, வேர் தானா கீழ எறங்கும். வெயில்ல காஞ்சு மஞ்சளானாலும் பயப்படாத, செத்துப்போகாது. மழைக்குத் திரும்பிரும். பச்சப்புள்ளயத் தொடுற மாதிரி பக்குவமா இருக்கணும், அவ்வளவுதான்."

அன்று காலை, கஞ்சி ஆறிப்போயிருந்தது என்பதற்காக அவள் தலையைக் கதவு நிலையில் இடித்திருந்தான். காதுக்குப் பின்னால் ரத்தம் இன்னும் முழுசாகக் காயவில்லை. சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடிக்கு அவன் காரணம் தேடியதில்லை; ஆனால் பெரிய அடிகளெல்லாம் புல்லை முன்னிட்டே விழுந்தன. ஒரு ஜனவரிக் காலை, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று மகள் லோர்னா உறைபனி படிந்த புல்லின் குறுக்கே ஓடிப்போனாள். உறைந்த புல்லை மிதித்தால் தாள் நொறுங்கிக் கருகிவிடும். சாயங்காலம் நாரிஸ் வந்தபோது வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் பதினோரு கறுப்புத் தடங்கள் கிடந்தன. வீட்டிலிருந்த செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் அள்ளி வந்து ஒவ்வொன்றாகத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தான்.

லோர்னாவின் பள்ளி ஷூவை அவன் கையில் எடுத்தபோது மியூரியல் முந்திக்கொண்டாள். நான்தான், அவளுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு பால் எடுக்கப் போனேன் என்றாள். பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒப்புக்கொண்டு, அவள் இடது மணிக்கட்டைக் கேட் கம்பிகளுக்கு நடுவே செருகி வளைத்தான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டு ஹெட்டி சக்டனுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் மியூரியல் ஐஸில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். தெருவே அந்தப் பொய்யை நம்பியதுபோல் நடந்துகொண்டது. ஹெட்டி மட்டும் ஒரு வாரம் கழித்து வேலியருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏம்மா மியூரியல், அடுத்த தடவ நீ சத்தம் போட்டுரு. நான் வந்துர்றேன்."

மியூரியல் தலையாட்டினாள். ஆனால் சத்தம் போட்டுப் பழகாதவள் அவள்.

அந்த வருஷம் கோடையில் மழையே இல்லை. ஜூலையில் ரப்பர் குழாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாதென்று உத்தரவு வந்தது. தெரு முழுக்கப் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று சொன்ன நாரிஸுக்குத் தன் புல் மஞ்சளாவதைத் தாங்க முடியவில்லை. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் ஒரு சொட்டு வீணாகக்கூடாது. மனைவியும் மகளும் வாளிவாளியாகச் சுமந்து ஊற்ற வேண்டும். வாளி தளும்பினால் முதுகில் ஒன்று விழும். முறிந்து சேர்ந்த மணிக்கட்டால் வாளியைத் தூக்க முடியாமல் மியூரியல் அதை முழங்கையில் மாட்டிச் சுமந்தாள். லோர்னாவுக்கு அப்போது பதினாலு வயது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், வெள்ளைத்துணி அலசிய தண்ணீரை லோர்னா கொண்டுபோய் ஊற்றினாள். அதில் பிளீச் கலந்திருந்தது நினைவில்லை. மூன்றாம் நாள் புல்தரையின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக வெந்துபோயிருந்தது.

சனிக்கிழமை, நல்ல வெயில். நாரிஸ் புல்லின் ஓரம் செதுக்கிக்கொண்டிருந்தான். நீளக் கம்பின் நுனியில் பிறை போல வளைந்த கத்தி. அதை மிதித்து மிதித்து ஓரத்தைக் கோடு போட்டதுபோல் வெட்டுவான். நிமிர்ந்தபோது அந்த வெள்ளை அவன் கண்ணில் பட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து, புல்லைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். துணித் தண்ணீர் ஊற்றுவது லோர்னாதான் என்று அவனுக்குத் தெரியும். பிறகு வீட்டுக்குள் போய் லோர்னாவை முடியைப் பிடித்து இழுத்து வந்து, அவள் முகத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்தினான். முட்டியை அவள் முதுகில் ஊன்றினான். தின்னு என்றான். அவள் வாயில் மண் போனது. அவள் திமிறவே, கீழே கிடந்த பிறைக்கத்தியை எட்டி எடுத்தான்.

மியூரியல் வாசற்படியில் நின்றிருந்தாள். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டி எப்படிக் கைக்கு வந்ததென்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. காலால் மிதித்து இறக்கும் நேர்ப்பிடி மண்வெட்டி அது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் புல்லின்மேல் நடந்தாள்.

"நாரிஸ், அவள விட்டுருங்க."

அவன் திரும்பவில்லை.

"விடுறா."

மண்வெட்டியின் தட்டைப் பக்கம் அவன் காதுக்கு மேலே இறங்கியது. அவன் மெதுவாகத் திரும்பி, யார் என்று பார்த்தான். கத்தி இன்னும் கையில் இருந்தது. அவள் மறுபடி ஓங்கி அடித்தாள். அவன் பக்கவாட்டில் சரிந்தான். காதிலிருந்து ரத்தம் வந்து புல்லில் சொட்டியது. ஹெட்டி வேலியைத் தாண்டி ஓடி வந்தபோது மியூரியல் மூன்றாவது அடிக்கு ஓங்கியிருந்தாள். ஹெட்டி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். லோர்னா மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

நாரிஸ் சாகவில்லை. மண்டையோட்டில் விரிசல் விட்டிருந்தது, ஒரு காது கேட்காமல் போனது, எழுந்து நின்றால் தரை சாய்வதாகச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடற்கரை ஊரிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனான். அந்தத் தெருவுக்குத் திரும்பவே இல்லை.

மியூரியல்மேல் வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் அரசு வக்கீல் அவளை அதிக நேரம் நிறுத்தி வைக்கவில்லை. மகளைக் காப்பாற்ற அடித்தீர்கள், சரி. ஒரு அடி போதாதா, இரண்டாவது எதற்கு என்று கேட்டார்.

"மொத அடிக்கு அவரு திரும்பிப் பாத்தாரு," என்றாள் மியூரியல்.

ஹெட்டி ஜனவரியில் கேட்ட சத்தத்தைச் சொன்னாள். லோர்னா அன்று முகம் தரையில் அழுந்தியதில் உதட்டுக்கு உள்ளே ஏற்பட்ட தழும்பைக் காட்டினாள். காயப்படுத்தியது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சிறை இல்லை. இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும்.

அந்தத் தீர்ப்பு வருமுன்பே வேறொன்று நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பர் நடுவில் ஒரு காலை மியூரியல் திரையை விலக்கினால், புல்தரை பளபளவென்று பச்சையாக நின்றது. ஒருவரும் ஒரு வாளி ஊற்றவில்லை, உரம் போடவில்லை. வெந்த இடத்தையும் ரத்தம் சொட்டிய இடத்தையும்கூடப் பக்கத்துப் புல் ஊர்ந்து மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே வெட்டத் தொடங்கினாள். போலீஸ் எடுத்துப்போன மண்வெட்டிக்குப் பதிலாக ஹெட்டி தன்னுடையதைக் கொடுத்தாள். புல்லைச் சதுரம் சதுரமாக அறுத்து, வேரோடு பெயர்த்து, பள்ளத்தில் குப்புறப் போட்டு, மண்வெட்டி விளிம்பால் கொத்திக் கொத்தித் துண்டாக்கினாள். களிமண் இறுகிக் கிடந்தது. மண்புழுக்கள் இரண்டாக அறுந்து துள்ளின. மணிக்கட்டு வீங்கியது; துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெட்டினாள். சில நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு, தேவைக்கு மேலேயே ஓங்கி ஓங்கிப் போட்டாள். வெளியே நின்று பார்த்த ராட்னி, இவ்வளவு நல்ல புல்லை இப்படிச் செய்யலாமா என்று வருத்தப்பட்டான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் போய்விட்டான். பத்து நாளில் வாசல் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

ஏப்ரலில் அதில் உருளைக்கிழங்கு நட்டாள். புல் இருந்த மண்ணில் கம்பிப்புழு இருக்கும், முதல் வருஷம் கிழங்கைத் துளைத்துவிடும் என்று ஹெட்டி முன்னாலேயே எச்சரித்தாள். அப்படியேதான் ஆனது. தோண்டியெடுத்த கிழங்கில் பாதிக்கு மேல் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. லோர்னா அருவருத்தாள். மியூரியல் ஓட்டைகளைச் சீவித் தள்ளிவிட்டு, மிச்சத்தை வேகவைத்து வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் முட்டைக்கோஸ் போட்டாள். காட்டுப்புறாக்கள் வந்து குருத்தைக் கொத்தித் தின்றன. மியூரியல் வாசற்படியில் வந்து நின்று, சுரங்கத்து ஆண்கள்கூட வெளியே சொல்லாத வார்த்தைகளால் அவற்றைத் திட்டினாள். தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.