டூயல் கோரே போதும்

மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையில் ஒரு கம்ப்யூட்டரின் விசிறி இரைந்ததும், ராஜபாளையத்துப் பெரியப்பா வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் இருந்தது டூயல் கோர் கம்ப்யூட்டர். தன் மகள் செல்வி கேம் விளையாடப் பெரியப்பாவும் ஒன்று வாங்க நினைத்தார்.

“ஏத்தா, ஒனக்குத்தான் வெவரம் தெரியும். டூயல் கோரா, குவாட் கோரா?”

குவாட் கோர்தான் வேகம். ஆனால் செல்வியுடையது என்னுடையதைவிட வேகமாக ஓடுவதை என்னால் தாங்க முடியாது. “டூயல் கோரே போதும், பெரியப்பா” என்றேன். நம்பி வாங்கினார்.

விசிறி இரைய, அதில் போட்ட புதிய கார் பந்தய கேம் வளைவுக்கு வளைவு திக்கி நின்றது. “எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலக்கா” என்றாள் செல்வி.

“பழகணும்” என்றேன்.

இப்போது செல்வியின் மகனிடம் இருப்பது குவாட் கோர். அதை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கடைக்காரரிடம், “குவாட் கோருக்கும் மேல உள்ளதப் போடுங்க” என்றேன்.